பைபாஸை விட்டு இறங்கி வாருங்கள்

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் தெற்கே போய்வரும் அன்பர்களுக்கு,



பொங்கல், தீபாவளி, கோயில் கொடை, சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று வருஷத்தில் சில முறையாவது எங்கள் ஊரை ஒட்டிப் போகிறீர்கள். மதுரையைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் விருதுநகர் என்று பச்சைப் பலகை வரும். அடுத்து சாத்தூர், அதற்கடுத்து கோவில்பட்டி. பசித்தால் சாலையோரத்துப் பெரிய உணவகம் ஒன்றில் நிறுத்துகிறீர்கள். சாப்பிட்டு, குழந்தைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்து, கிளம்பிவிடுகிறீர்கள். கைக்குழந்தையோடும் முழங்கால் வலிக்கிற அம்மாவோடும் பயணம் செய்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்? அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, ஊருக்குள் பிரியும் சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் வந்தால் என்ன கிடைக்கும் என்பதை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நான் சொல்கிறேன்.

முன்பு நெடுஞ்சாலையே ஊருக்குள்தான் ஓடியது. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை போன பழைய ஏழாம் எண் சாலை. லாரியும் பஸ்ஸும் கடைத்தெருவை உரசிக்கொண்டு போகும். சாத்தூரில் பஸ் நின்றால் ஜன்னலோரம் வெள்ளரிப் பிஞ்சுக் கூடைகள் உயரும், கூடவே சேவுப் பொட்டலம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய். 1998இல் அறிவித்த தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் சாலை நான்கு வழியானது. ஊர்களுக்கு வெளியே பைபாஸ் போட்டார்கள். எண்ணும் 44 என்று மாறியது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் அதுதான் இன்று நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை. ஊருக்குள் நெரிசல் குறைந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் லாரிக்குப் பயப்படாமல் தெருவைக் கடக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அன்றோடு வழிப்போக்கர் வருகை நின்றது. கடலைமிட்டாய்க்காவது 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெட்டியில் அடைத்து எங்கேயும் அனுப்பலாம். இலையில் சூடாகப் பரிமாறுகிற சாப்பாட்டை அப்படி அனுப்ப முடியாது. அந்தக் கடைகள் உள்ளூர்க்காரர்கள் தினமும் வந்து சாப்பிடுவதால் மட்டுமே நிற்கின்றன.

அந்த உள்ளூர்க்காரர்கள் யார் என்று தெரிந்தால்தான் சாப்பாட்டின் சுபாவம் புரியும். விருதுநகர் வியாபார ஊர். பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் ஆகியவற்றின் விருதுநகர்ச் சந்தை விலையைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கரிசல் காட்டு விளைச்சல் மூட்டையாக இங்கே வந்திறங்கி, எடை போட்டு, கைமாறி, வெளியூர் போகும். கமிஷன் கடை முதலாளி, கணக்குப்பிள்ளை, தரகர், மூட்டை தூக்குகிறவர், லாரி டிரைவர், கிளீனர் என்று ஒரு பெருங்கூட்டம் காலையில் அரைவயிற்றோடு வேலைக்கு இறங்கிவிடும். பொழுது சாய்ந்து, கணக்கு முடித்து, கூலியை வாங்கி, கைகால் கழுவி ஒரு பெஞ்சில் வந்து உட்காரும்போது அவர்களுக்கு வயிறு நிறைகிற மாதிரியும் நாக்குக்கு உறைக்கிற மாதிரியும் சூடாக ஒன்று வேண்டும். எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டா அந்தப் பசிக்குச் செய்த பண்டம். எண்ணெய் வியாபாரம் கொழித்த ஊரில் பரோட்டாவைக் கல்லில் வெறுமனே வாட்டி எடுக்காமல் பொரித்தே எடுத்தார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

அது ஆகிவருகிற விதத்தைப் பார்ப்பதற்கே சற்று முன்னதாக வரலாம். மைதாவில் உப்பும் தண்ணீரும் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். ஊறிய மாவை மாஸ்டர் உருண்டைகளாகப் பிடுங்கி, எண்ணெயில் புரட்டி அடுக்குவார். மறுபடியும் ஊற வேண்டும். இந்த இரண்டு ஊறலும் இல்லாவிட்டால் மாவு விரியாது. அவசரப்பட்டு வீசினால் கிழிந்துபோகும். நேரம் வந்ததும் ஓர் உருண்டையைத் தட்டி, எண்ணெய் பூசிய மேடையில் வீசுவார். ஒவ்வொரு வீச்சுக்கும் அது அகன்று, கடைசியில் அடியில் இருக்கும் மேடை தெரிகிற அளவுக்கு மெலியும். அதைச் சேலைக் கொசுவம் மாதிரி மடித்து, சுருட்டி, நுனியைச் செருகி வைப்பார். மாலையில் கல் காயும். எங்கள் ஊர்க் கல்லில் எண்ணெய் தேங்கி நிற்கும். உள்ளங்கையளவு தட்டிய பரோட்டாக்கள் அதில் மிதந்து, இரு பக்கமும் பொன்னிறமாகி, ஓரம் மொறுமொறுவென்று வந்ததும் எண்ணெய் வடிய ஓரமாக ஒதுக்கி வைப்பார். மதுரையில் அடுக்கி வைத்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து, பூப்போலத் தளர்த்தித் தருவார்கள். அது வேறு ருசி. இங்கே மேல்பக்கம் நொறுங்கும், உள்ளே இதழ் இதழாக மெத்தென்று பிரியும்.

இலையில் வைத்ததும் சப்ளையர் கேட்பார்: "பிச்சுப் போடவா, முழுசா இருக்கட்டுமா?" பிய்த்துப் போடச் சொல்லுங்கள். பழகிய கை அதை ஒரே நொறுக்கில் அளவான துண்டுகளாக்கிவிடும். மேலே சால்னா. சோம்பு, கசகசா, தேங்காய் அரைத்துவிட்டு, எலும்பு வெந்த சாறு இறங்கிய மெல்லிய குழம்பு அது. குருமா மாதிரி கெட்டியாக இருந்தால் பரோட்டாவின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். தண்ணியாக இருப்பதால்தான் இதழ்களுக்குள் இறங்குகிறது, மொறுமொறுப்பையும் முழுக்கக் கொன்றுவிடுவதில்லை. சால்னாவுக்குத் தனிக் காசு கிடையாது. வாளியோடு சுற்றிச் சுற்றி வருவார்கள், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள்.

தொட்டுக்கொள்ள மட்டன் சுக்கா, ஈரல், காடை, கரண்டி ஆம்லெட், வழியல் என்று கடைக்குக் கடை மாறும். அட்டை எதுவும் இருக்காது. சப்ளையர் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். புரியாவிட்டால் இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு பரோட்டாவை வெறும் சால்னாவோடு சாப்பிடுங்கள். அதன் பிறகு சுக்கா. இங்கே வந்து கொத்துப் பரோட்டா கேட்காதீர்கள். பொன்னிறமாகப் பொரித்ததைக் கொத்திப் பிசைந்தால் அந்த உழைப்பு முழுவதும் போய்விடும். கொத்துப் பரோட்டாவுக்கு வேறு ஊர்கள் இருக்கின்றன.

இந்தச் சாப்பாடு ஏன் இந்தத் தரத்தில் நிற்கிறது என்பதுதான் இந்த மடலில் நான் சொல்ல வந்த விஷயம். கடைக்காரர் திறமைசாலி என்பது பாதி காரணம். மீதி, எதிரே உட்கார்ந்திருப்பவர் நாளைக்கும் வருவார் என்பது. சின்ன ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் இன்று சாப்பிட்டவரை நாளைக் காலை மார்க்கெட்டில் பார்ப்பார், மாலை கோயிலில் பார்ப்பார், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவார். ஒருநாள் கறி முற்றலாக இருந்தால் கை கழுவும் இடத்திலேயே சொல்லிவிடுவார்கள்: "என்ன அண்ணாச்சி, இன்னிக்குக் கறி சரியில்லையே?" மறுநாள் வரை அந்தப் பேச்சு தெருவில் இருக்கும். பழைய சால்னாவைச் சுடவைத்து ஊற்றிவிட்டு அந்த ஊரில் ஒருவர் கல்லாவில் உட்கார முடியாது. நெடுஞ்சாலை உணவகத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே சாப்பிடுகிறவர் இருபது நிமிஷத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார். திரும்பி வந்து கேட்கப் போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லதாகச் செய்தாலும் செய்யாவிட்டாலும் கூட்டம் ஒன்றுதான் என்று ஆகிவிட்ட இடத்தில் எந்தச் சமையலும் மெல்ல மெல்ல இறங்கும்.

விலையும் அப்படித்தான். மூட்டை தூக்குகிறவர் அன்றாடம் சாப்பிடுகிற கடையில் அவர் கூலிக்குக் கட்டாத விலையை வைக்க முடியாது. சில கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் பற்று நோட்டு ஒன்று தொங்கும். சனிக்கிழமை கூலி வந்ததும் தீர்ப்பார்கள். அந்த நோட்டில் பெயர் இருக்கிறவர்களுக்காக வைத்த விலையில்தான் நீங்களும் சாப்பிடுவீர்கள்.

அந்த ஊறலும் வீச்சும் அன்றன்றைக்கு அளவோடுதான். மாவு தீர்ந்தால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சுக்கா சீக்கிரம் காலியாகும். புரட்டாசியில் கூட்டம் குறையும். சில கடைகளை அந்த மாதத்தில் வெள்ளையடிப்பது, அடுப்பைச் செப்பனிடுவது என்று மூடிக்கூட வைப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு வந்து "இல்லை" என்ற பதிலைக் கேட்க நேர்ந்தால் வருத்தப்படாதீர்கள். மிச்சம் வைத்து மறுநாள் தராத கடை அது.

இன்னொன்றையும் மனமாரச் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் உங்களுக்கென்று தனி மேசை கிடைக்காது. காலியாக இருக்கிற இடத்தில் உட்கார வேண்டியதுதான். ஒரு பக்கம் பைக் மெக்கானிக் இருப்பார், இன்னொரு பக்கம் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. இலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். இதை அசௌகரியமாக நினைக்காதீர்கள். நம் நாட்டில் இது லேசில் வந்ததில்லை. உணவகங்களில் சாதிக்கொரு பந்தி இருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடைகளையும் உணவகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, யாரையும் உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் நடத்திய மறியல் மாதக்கணக்கில் நீண்டது; தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இன்றைக்கும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. இவ்வளவும் நடந்த மண்ணில், பக்கத்தில் இருப்பவர் யார் எவர் என்று கேட்காமல் தோள் உரச உட்கார்ந்து ஒரே வாளிச் சால்னாவைச் சாப்பிடும் பெஞ்சு பெரிய விஷயம் என்று நான் நம்புகிறேன். உங்கள் பிள்ளைகளை அந்தப் பெஞ்சில் உட்கார வையுங்கள். இதே ஊரில்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்த காமராசர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. கல் காயும்வரை நேரம் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

நாளைக்கும் பார்க்கப்போகிறவருக்குச் சமைப்பது பற்றி முன்பு சொன்னேனே, அதற்கு வழியிலேயே ஒரு சாட்சி உண்டு. திருமங்கலத்தைத் தாண்டி வரும்போது உங்கள் சாலைக்குப் பக்கத்திலேயே வடக்கம்பட்டி என்று ஒரு கிராமம் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் நீங்கள் பார்க்கிற முனியாண்டி விலாஸ் கடைகளின் பூர்வீகம் அதுதான். அவ்வூர்க்காரர் ஒருவர் 1930களில் காரைக்குடியில் வைத்த கடையிலிருந்து பெருகியவை. அந்தக் கடைகளுக்குத் தலைமை அலுவலகமும் கிடையாது, ஒரே மாதிரி மசாலாப் பொட்டலமும் கிடையாது. ஒரே ஊர்ச்சாமி, உறவு முறை, தொழில் கற்றுக்கொண்ட இடம் இவைதான் கட்டிவைத்திருக்கின்றன. தை மாதம் கடைக்காரர்கள் ஊர் திரும்பி முனியாண்டிக்குக் கிடா வெட்டி, விடிய விடியப் பிரியாணி சமைத்து, வந்தவர்க்கெல்லாம் பிரசாதமாகத் தருகிறார்கள். ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சமைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, எந்தக் கடைக்குப் போவது? பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் எல்லாரும் அதே வாசலில் நிற்பீர்கள். நோட்டில் பெயர் இருக்கிறவருக்கு உட்கார இடமிருக்காது. ஊருக்குள் வந்து பெட்ரோல் பங்கிலோ மருந்துக் கடையிலோ கேளுங்கள். "இங்கே நல்ல ஓட்டல் எது?" என்று கேட்டால் உங்கள் காரைப் பார்த்துவிட்டு மரியாதைக்கு ஏசி ஓட்டலைக் காட்டுவார்கள். "நீங்க எங்க அண்ணாச்சி சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். வழி சொல்வதோடு நிற்காமல் என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார்.

கறி சாப்பிடாதவர்களும் ஏங்க வேண்டியதில்லை. காலையில் வந்தால் எந்தத் தெருவிலும் இட்லிக் கடை இருக்கும். பெரும்பாலும் ஒரு அம்மா வீட்டுத் திண்ணையிலேயே ஆவி பறக்க எடுத்துப் போடுவார். ஒன்பது மணிக்குள் எழுந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

சுத்தம் பற்றிய கவலை உங்களுக்கு இருக்கும்; இருக்க வேண்டியதும்தான். சுவர் கறுத்திருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விறகும் எண்ணெயும் பட்ட சுவர் கறுக்கத்தான் செய்யும். எண்ணெயைப் பாருங்கள். கறுத்துப் புகைந்து நாற்றமடித்தால் எழுந்து வந்துவிடலாம். பொரிக்கிற எண்ணெய் எவ்வளவு கெட்ட பிறகு பயன்படுத்தக் கூடாது என்பதற்கு 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பும் இருக்கிறது. தண்ணீருக்கு உங்கள் பாட்டிலையே கொண்டுவாருங்கள். மைதாவும் எண்ணெயும் சேர்ந்த பண்டம் தினசரி உடம்புக்கு ஆகாது என்பதும் உண்மை. சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூட்டை தூக்கினவருக்குச் செரிப்பது நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவருக்குச் செரிக்காது.

உங்களிடம் சில வேண்டுகோள்களும் உண்டு. பன்னிரண்டு பேராக வந்து இரண்டு பெஞ்சை ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்ளாதீர்கள். நாலு நாலு பேராக உட்காருங்கள், சாப்பிட்டவுடன் எழுந்து இடம் விடுங்கள். பின்னால் நிற்கிறவர் பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர். கேமராவை நீட்டுமுன் மாஸ்டரிடமும் பக்கத்து இலைக்காரரிடமும் கேளுங்கள். சாப்பிடும்போது முகத்தை எடுப்பது யாருக்கும் பிடிக்காது. இலையில் மிச்சம் வைக்காதீர்கள். ஊருக்கும் வாங்கிக் கொண்டுபோக விரும்பினால் தூக்குவாளியோ டிபன் கேரியரோ வண்டியில் வைத்திருங்கள். 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் உணவு கட்டித்தரும் பிளாஸ்டிக் தாளுக்குத் தடை இருக்கிறது. இலையில் பரோட்டாவைக் கட்டிவிடலாம், சால்னாவுக்குப் பாத்திரம் வேண்டும். பாத்திரத்தோடு வருகிறவரைப் பார்த்தால் கடைக்காரர் கரண்டியை இன்னொரு தரம் முக்குவார். நான் பார்த்திருக்கிறேன்.

என் பெரிய வேண்டுகோள் இதுதான். விருதுநகருக்குத்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உளுந்தூர்பேட்டையோ, மணப்பாறையோ, மேலூரோ, சாத்தூரோ, உங்கள் பசி நேரத்துக்கு எந்த ஊர் வருகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கே ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற ஒரு கடையைக் கண்டுபிடியுங்கள். ஒருமுறை ருசி பார்த்துவிட்டு அடுத்த தடவை வேறு கடையைத் தேடாதீர்கள். போகும்போதும் வரும்போதும் அங்கேயே நிறுத்துங்கள். வருஷத்துக்கு நாலு தடவை என்றாலும் கடைக்காரருக்கு உங்கள் முகம் பழகிவிடும். பழகிய முகத்துக்குச் சமைப்பதுதான் அவர் அறிந்த தொழில். உங்கள் பிள்ளைகள் வளர்ந்து வண்டியோட்டும் காலத்திலும் அந்த அடுப்பு எரிய வேண்டுமானால், உள்ளூர்க்காரர் தருகிற கூலிக்காசோடு உங்கள் காசும் அந்தக் கல்லாவில் விழ வேண்டும்.

அடுத்த தடவை தெற்கே கிளம்பும்போது மதுரையை மாலை ஐந்து மணிக்குத் தாண்டுகிற மாதிரி நேரத்தைக் கணக்குப் பண்ணிப் புறப்படுங்கள். ஆறு மணிக்கு எங்கள் ஊரில் கல் காய்ந்திருக்கும்.

அன்புடன்,
ஒரு விருதுநகர்க்காரன்